எந்தக் கடிகாரம் சரி?

சில வாரங்களுக்கு முன் நமது வாலிபர் ஐக்கியத்தின் வெள்ளிக்கிழமைக் கூட்டம் முடிந்து, எல்லாரும் தேநீர்க் கோப்பையோடு நின்றிருந்த நேரம். அன்றைய வேத ஆராய்ச்சி 2 பேதுரு 3ஆம் அதிகாரம். ஒரு நாளையும் ஆயிரம் வருஷத்தையும் பற்றி அப்போஸ்தலன் எழுதிய 8ஆம் வசனத்தில் பேச்சு நின்றுவிட்டது.

ஒரு தம்பி உற்சாகமாகச் சொன்னான்: "அண்ணா, இதைத்தானே ஐன்ஸ்டைன் நிரூபிச்சார்! வேகமாப் போனா நேரம் மெதுவாப் போகும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முந்தியே வேதத்தில இருக்கு!"

பலரும் தலையாட்டினார்கள். ஆனால் இந்த வருடம் பல்கலைக்கழகத்துக்குப் போயிருக்கும் ஒரு தங்கை தயங்கித் தயங்கிக் கேட்டாள்: "அக்கா, என்னோட படிக்கிற பிள்ளைகள் அதையே வேற மாதிரிச் சொல்லுகினம். நேரமே ஆளுக்கு ஆள் மாறும் எண்டால், உண்மையும் ஆளுக்கு ஆள் மாறும், எல்லாருக்கும் பொதுவான உண்மை எண்டு ஒண்டும் இல்லை எண்டு. அதுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

அவள் வாதத்துக்காகக் கேட்கவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. அன்று எங்களால் இருவருக்குமே சரியான பதில் சொல்ல முடியவில்லை. "அடுத்த இதழில் எழுதுகிறோம்" என்று வாக்குக் கொடுத்தோம். பிறகு தேடிப் படித்ததில் ஒன்று விளங்கியது. தம்பி சொன்னதும் சரியில்லை. அந்தப் பிள்ளைகள் சொன்னதும் சரியில்லை. ஏன் என்பதைத்தான் இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில் ஒரு தெளிவு

லண்டனில் மதியம் பன்னிரண்டு மணி என்றால், குளிர்காலத்தில் யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் மாலை ஐந்தரை. அம்மம்மாவோடு பேச நாம் பார்த்துக் கணக்கிடும் இந்த வித்தியாசத்துக்கும் ஐன்ஸ்டைனுக்கும் சம்பந்தமில்லை. அது சூரியனை வைத்து மனிதர் செய்துகொண்ட ஏற்பாடு. இரண்டு ஊர்களிலும் முள் வேறு எண்ணைக் காட்டினாலும், ஒரு மணி நேரம் ஓடினால் அங்கும் இங்கும் ஒரு மணி நேரம்தான் ஓடுகிறது என்று நாம் எடுத்துக்கொள்கிறோம்.

நாம் பேசப்போவது வேறு காரியம். ஒரே மாதிரியான இரண்டு நல்ல கடிகாரங்களை ஒரே நொடியில் ஓடவிட்டு, ஒன்றை மலைமேலோ விமானத்திலோ கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தால், இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டுமா? காட்டாது. வித்தியாசம் மிக மிகச் சிறியது. ஆனால் உண்மையானது, அளக்கப்பட்டது.

டெடிங்டனில் பிறந்த கடிகாரம்

இதை அளக்க வேண்டுமானால் முதலில் அவ்வளவு நுட்பமான கடிகாரம் வேண்டும். அது நமக்கு அருகிலேதான் உருவானது. லண்டனின் தென்மேற்கே, புஷி பூங்காவை ஒட்டி, டெடிங்டன் என்ற இடத்தில் பிரிட்டனின் தேசிய இயற்பியல் ஆய்வகம் இருக்கிறது. 1955ஆம் ஆண்டு அங்கே லூயி எஸன் என்பவரும் அவருடைய சக ஊழியர் ஜாக் பாரியும் நடைமுறையில் பயன்படக்கூடிய முதலாவது சீசியம் அணுக் கடிகாரத்தை இயக்கினார்கள்.

எந்தக் கடிகாரமும் செய்வது ஒன்றுதான்: திரும்பத் திரும்ப ஒரே சீராக நடக்கும் ஒன்றை எண்ணுகிறது. பழைய சுவர்க் கடிகாரம் ஊசலின் ஆட்டத்தை எண்ணும். நம் கைக்கடிகாரம் குவார்ட்ஸ் துண்டின் அதிர்வை எண்ணும். ஆனால் ஊசல் வெயிலில் நீளும், குளிரில் சுருங்கும். ஒரு குவார்ட்ஸ் துண்டு இன்னொன்றைப் போல அச்சாக இராது. அணு அப்படியல்ல. சீசியம்-133 அணு ஒன்றை எடுத்தாலும் கோடி எடுத்தாலும் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும். அவை தேய்வதில்லை, பழசாவதும் இல்லை.

சீசியம் அணுவுக்கு மிக நெருக்கமான இரண்டு ஆற்றல் நிலைகள் உண்டு. சரியான அதிர்வெண்ணுள்ள நுண்ணலை அதன்மேல் பட்டால் மட்டும் அது ஒரு நிலையிலிருந்து மற்ற நிலைக்குத் தாவும். அலையின் அதிர்வெண் சற்று விலகினாலும் தாவும் அணுக்களின் எண்ணிக்கை குறைந்துவிடும். ஆகவே மிக அதிகமான அணுக்கள் தாவும்படி அலையை நிறுத்திப் பிடித்துக்கொண்டு, பிறகு அந்த அலைகளை எண்ணினால் போதும். 919 கோடியே 26 இலட்சத்து 31 ஆயிரத்து 770 அலைகள் கடந்தால் ஒரு விநாடி. 1967ஆம் ஆண்டு முதல் உலகம் முழுவதற்கும் விநாடி என்பதன் வரையறையே இதுதான். அதற்கு முன் பூமியின் ஓட்டத்தை வைத்துத்தான் விநாடியைக் கணித்தார்கள்.

எஸனின் முதல் கடிகாரம் 300 வருடத்தில் ஒரு விநாடி பிசகும் அளவுக்கு நுட்பமானது. இன்றுள்ளவை அதைவிடப் பன்மடங்கு நுட்பமானவை.

வேகம், உயரம்: இரண்டு காரணங்கள்

கடிகாரங்கள் வேறுபடுவதற்கு இரண்டு காரணங்களை ஐன்ஸ்டைன் காட்டினார். முதலாவது, 1905ஆம் ஆண்டு அவர் எழுதியது: ஓடும் கடிகாரம் மெதுவாகத் துடிக்கும்.

இதை இப்படி யோசிக்கலாம். ஒன்றுக்கு நேர் மேலே ஒன்றாக இரண்டு கண்ணாடிகள். நடுவே ஓர் ஒளித்துளி மேலும் கீழும் போய்வருகிறது. ஒருமுறை போய்வந்தால் ஒரு துடிப்பு. இதை ஓடும் ரயிலில் வைப்போம். ரயிலுக்குள் இருப்பவருக்கு ஒளி நேராக மேலே போய்க் கீழே வருகிறது. நடைமேடையில் நிற்கும் நமக்கோ, அது சாய்வாகப் போய்ச் சாய்வாக வருகிறது. சாய்வான பாதை நீளமானது. பந்தாக இருந்தால் ரயிலின் வேகமும் அதோடு சேர்ந்து, நீளமான பாதையையும் அதே நேரத்தில் ஓடி முடிக்கும். ஒளி அப்படிச் செய்வதில்லை. யார் அளந்தாலும் அதன் வேகம் விநாடிக்கு ஏறத்தாழ மூன்று இலட்சம் கிலோமீட்டர்தான். ஆகவே நமது பார்வையில் ரயிலிலுள்ள கடிகாரத்தின் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக நேரம் ஆகிறது.

இரண்டாவது காரணம் ஈர்ப்பு விசை. தாழ்ந்த இடத்திலுள்ள கடிகாரம், உயர்ந்த இடத்திலுள்ளதைவிட மெதுவாகத் துடிக்கும். 1915இல் முழுமையடைந்த பொதுச் சார்பியல் கோட்பாட்டில் இது அடங்கியிருக்கிறது. 1959, 1960ஆம் ஆண்டுகளில் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் பௌண்ட், ரெப்கா என்ற இருவர் 22.5 மீட்டர் உயரமுள்ள கோபுரம் ஒன்றில் காமாக் கதிர்களை அனுப்பிச் சோதித்தார்கள். உயரம் மாறும்போது அலையின் அதிர்வெண் மாறுவதைக் கண்டார்கள். கீழிருந்து புறப்பட்ட அலைகள் மேலே சற்று மெதுவாக வந்து சேருகின்றன. ஆனால் வழியில் ஒரு அலையும் தொலைந்துபோவதில்லை. அப்படியானால் அர்த்தம் என்ன? கீழே இருப்பதன் துடிப்பே மேலிருந்து பார்க்க மெதுவாக இருக்கிறது.

விமானத்தில் ஏறிய 'மிஸ்டர் கிளாக்'

1971 அக்டோபரில் அமெரிக்கர் இருவர் இதை நேரடியாகச் சோதித்தார்கள். ஜோசப் ஹஃபேல் என்ற இயற்பியலாளரும், அமெரிக்கக் கடற்படை வானாய்வகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் கீட்டிங்கும் நான்கு சீசியம் கடிகாரங்களை எடுத்துக்கொண்டு சாதாரணப் பயணிகள் விமானங்களில் ஏறினார்கள். கடிகாரங்களுக்கும் ஆசனம் வேண்டுமே! 'மிஸ்டர் கிளாக்' என்ற பெயரில் பயணச்சீட்டு வாங்கினார்கள். ஒருமுறை கிழக்கு நோக்கியும் ஒருமுறை மேற்கு நோக்கியும் உலகைச் சுற்றிவந்து, வானாய்வகத்தில் இருந்த கடிகாரங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள்.

இங்கே ஒரு நானோ விநாடி என்றால் என்ன என்று சொல்லிவிட வேண்டும். ஒரு விநாடியை நூறு கோடிப் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு. அந்த நேரத்துக்குள் ஒளி ஏறத்தாழ 30 சென்டிமீட்டர், அதாவது ஒரு பள்ளி அடிமட்டத்தின் நீளம், போகும்.

கிழக்கே போன கடிகாரங்களுக்குக் கோட்பாடு சொன்ன கணக்கு இது: உயரத்தால் 144 நானோ விநாடி கூடும், வேகத்தால் 184 குறையும், மொத்தம் 40 நானோ விநாடி பின்தங்கும். அளந்தபோது 59 பின்தங்கியிருந்தது. கணக்கில் 23ம் அளவையில் 10ம் கூடவோ குறையவோ இடமிருந்ததால், இரண்டும் பொருந்துகின்றன. மேற்கே போனவற்றுக்கு உயரத்தால் 179 கூடும். வேகத்தாலும் 96 கூடும். மொத்தம் 275 முந்தும் என்றது கணக்கு. அளந்தபோது 273.

மேற்கே போகும்போது மட்டும் வேகம் ஏன் நேரத்தைக் கூட்டுகிறது? தரையிலுள்ள கடிகாரமும் சும்மா நிற்கவில்லை. பூமியோடு சேர்ந்து அதுவும் கிழக்கே சுழல்கிறது. கிழக்கே பறக்கும் விமானம் அந்தச் சுழற்சியோடு சேர்ந்து இன்னும் வேகமாகப் போகிறது. மேற்கே பறக்கும் விமானமோ சுழற்சிக்கு எதிரே போவதால், பூமியின் மையத்திலிருந்து பார்த்தால் தரையைவிட மெதுவாகவே போகிறது.

இந்தச் சோதனையின் 25ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1996இல் டெடிங்டன் ஆய்வகத்தாரும் ஒரு சீசியம் கடிகாரத்தை லண்டனிலிருந்து வாஷிங்டனுக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்தார்கள். 39.8 நானோ விநாடி முந்தும் என்றது கணக்கு. முந்தியது 39.0.

மாடிப்படியிலும், சட்டைப் பையிலும்

இதற்கு விமானம்கூட வேண்டியதில்லை. 2010இல் அமெரிக்காவின் போல்டர் நகரிலுள்ள தேசிய அளவை நிறுவனத்தின் விஞ்ஞானிகள் இரண்டு அலுமினிய அணுக் கடிகாரங்களில் ஒன்றை 33 சென்டிமீட்டர் மட்டும் உயர்த்தி வைத்து, அது வேகமாகத் துடிப்பதைக் கண்டார்கள். இரண்டு மாடிப்படி உயரம்! 79 வருடம் அந்த உயரத்திலேயே வாழ்ந்தால் கிடைக்கும் வித்தியாசம் ஏறத்தாழ 90 நானோ விநாடி. நமது ஆலயத்தின் மேல்மாடம் நான்கு மீட்டர் உயரம் என்று வைத்துக்கொண்டால், அங்கேயே ஒரு வருடம் கிடக்கும் கடிகாரம் கீழே இருப்பதைவிட ஏறத்தாழ 14 நானோ விநாடி முந்தியிருக்கும். பிந்தி வருகிறவர்கள் மேல்மாடத்தில் போய் உட்காருவதற்கு இது ஒரு சாக்கு ஆகாது!

விண்வெளியில் வித்தியாசம் இன்னும் பெரியது. ஸ்கொட் கெல்லி, மார்க் கெல்லி இருவரும் இரட்டைச் சகோதரர்கள், இருவரும் விண்வெளி வீரர்கள். 2015 முதல் 2016 வரை ஸ்கொட் 340 நாட்கள் சர்வதேச விண்வெளி நிலையத்தில் இருந்தார். அது பூமிக்கு மேலே ஏறத்தாழ 400 கிலோமீட்டர் உயரத்தில், விநாடிக்கு ஏழரைக் கிலோமீட்டருக்கு மேலான வேகத்தில் ஓடுகிறது. அங்கே உயரத்தைவிட வேகத்தின் பாதிப்பே அதிகம். கணக்குப் போட்டால், தரையில் இருந்த மார்க்கைவிட ஸ்கொட்டுக்கு ஏறத்தாழ 8 மில்லி விநாடி குறைவாகவே கழிந்திருக்கிறது. மார்க் ஆறு நிமிடம் முன்னதாகப் பிறந்தவர். இப்போது இன்னும் கொஞ்சம் மூத்தவர்.

ஜி.பி.எஸ். செயற்கைக்கோள்களில் இது தலைகீழ். அவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. வேகத்தால் நாளொன்றுக்கு 7 மைக்ரோ விநாடி பின்தங்கும்; உயரத்தால் 45 மைக்ரோ விநாடி முந்தும்; மொத்தம் 38 மைக்ரோ விநாடி முந்தும். ஒரு மைக்ரோ விநாடி என்பது ஆயிரம் நானோ விநாடி. 38 மைக்ரோ விநாடியில் ஒளி 11 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். செயற்கைக்கோளிலிருந்து ஒளிவேகத்தில் வரும் சமிக்ஞை வந்துசேர எடுத்த நேரத்தை வைத்துத்தான் நம் கைப்பேசி தூரத்தைக் கணக்கிடுகிறது. திருத்தம் செய்யாவிட்டால் அந்தத் தூரக் கணக்கில் ஒவ்வொரு நாளும் அவ்வளவு பிழை சேரும். ஆகவே அந்தக் கடிகாரங்களை ஏவுவதற்கு முன்பே சற்று மெதுவாகத் துடிக்கும்படி அமைத்துவிடுகிறார்கள்.

இந்தத் திருத்தம் உண்மையில் தேவையா என்று தொடக்கத்தில் சந்தேகித்தவர்களும் இருந்தார்கள். 1977 ஜூனில் சீசியம் கடிகாரத்தோடு ஒரு சோதனைச் செயற்கைக்கோள் ஏவப்பட்டபோது, திருத்தும் கருவியை வைத்தார்கள், ஆனால் அதை இயக்காமல் விட்டார்கள். ஏறத்தாழ இருபது நாட்கள் பார்த்தார்கள். ஓர் இலட்சம் கோடியில் 446.5 பங்கு முந்தும் என்றது கோட்பாடு; முந்தியது 442.5 பங்கு. கருவியை இயக்கிவிட்டார்கள். இன்று புதிய முகவரியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு வழி தேடும் நாம் ஒவ்வொருவரும் அந்தத் திருத்தத்தை நம்பித்தான் வண்டியை எடுக்கிறோம்.

கடிகாரத்தைச் செய்தவரே நம்பவில்லை

வாசித்தபோது எங்களை நிறுத்தி யோசிக்கவைத்த ஒரு விஷயம் உண்டு. டெடிங்டன் கடிகாரத்தைச் செய்த லூயி எஸன் சார்பியல் கோட்பாட்டை ஏற்றுக்கொள்ளவில்லை. அதை விமர்சித்து 1971இல் ஒரு சிறு நூலே வெளியிட்டார். ஹஃபேலும் கீட்டிங்கும் பறந்தது அதே வருடம். அதன் பிறகும் அவர் தம் எதிர்ப்பை எழுதிவந்தார்.

அவரைக் கேலி செய்ய இதை எழுதவில்லை. அவர் பெரிய விஞ்ஞானி. அவர் செய்த வேலை இன்றும் நிற்கிறது. ஆனால் சீசியம் அணு, தன்னை எண்ணியவரின் அபிப்பிராயத்தைக் கேட்டு ஓடவில்லை. அவர் நம்பினாலும் நம்பாவிட்டாலும், உயரே போன கடிகாரம் முந்தியது. உண்மை நம் விருப்பத்துக்குக் காத்திருப்பதில்லை. இது அந்தத் தங்கையின் கேள்விக்குப் பாதிப் பதில்.

'எல்லாமே ஆளுக்கு ஆள் மாறும்' என்பது சரியா?

மீதிப் பதில் இது. சார்பியல் கோட்பாடு "எல்லாம் மாறும்" என்று சொல்லவில்லை. மாறாத ஒன்றிலிருந்துதான் அது தொடங்குகிறது. ஒளியின் வேகம் எல்லாருக்கும் ஒன்று. இயற்கையின் விதிகள் எல்லாருக்கும் ஒன்று. இவை மாறாமல் இருப்பதால்தான் கடிகாரங்கள் மாற வேண்டியிருக்கிறது. அதுவும் இஷ்டப்படி அல்ல. எந்த உயரத்தில், எந்த வேகத்தில் எவ்வளவு மாறும் என்று முன்கூட்டியே எழுதி வைக்கலாம். எழுதி வைத்தார்கள், அப்படியே நடந்தது. "எனக்கு என் உண்மை, உனக்கு உன் உண்மை" என்ற உலகத்தில் ஜி.பி.எஸ். வேலை செய்யாது.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். விமானத்தில் போன நான்கு கடிகாரங்களுக்கும் தனித்தனிக் குறைகள் இருந்தன; எந்தக் கருவியும் காலப்போக்கில் கொஞ்சம் பிசகும். ஆகவே நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டு, கருவியின் பிழை எது, இயற்கையின் விதியால் வந்த வித்தியாசம் எது என்று பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. பிழையும் வித்தியாசமும் ஒன்றல்ல. கிழக்கே போன கடிகாரமும் மேற்கே போன கடிகாரமும் வேறு நேரம் காட்டியபோது இரண்டுமே தத்தம் பயணத்தைச் சரியாகவே சொன்னது. பிசகிய கடிகாரமோ பிசகிய கடிகாரம்தான். "எல்லாம் சார்புதானே" என்று சொல்லி அதைச் சரியாக்கிவிட முடியாது.

ஆகவே தங்கையே, உன் நண்பர்களிடம் தைரியமாகச் சொல்லலாம்: நேரம் வேறுபடுகிறது என்பது மெய், உண்மை இல்லை என்பது அதிலிருந்து வராது.

வசனத்தை ஐன்ஸ்டைன் நிரூபித்தாரா?

இப்போது தம்பியின் காரியம். அவன் மனது எங்களுக்குப் புரிகிறது. வேதத்தின்மேல் உள்ள அன்பினால் சொன்னான். ஆனாலும் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஓடும் கடிகாரத்தில் ஒரு நாள் கழிவதற்குள் பூமியில் ஆயிரம் வருடம் கழிய வேண்டுமானால், அந்தக் கடிகாரம் எவ்வளவு வேகமாக ஓட வேண்டும்? ஒளியின் வேகத்தைவிட விநாடிக்கு ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் மட்டுமே குறைவான வேகத்தில். கணக்கில் இடமுண்டு. ஆனால் இதைக் கர்த்தருக்குப் பொருத்தினால் என்ன ஆகும்? அவர் ஒரு விண்கலத்தில் பறந்துகொண்டிருக்கும் பயணி ஆகிவிடுவார். அவருடைய கையிலும் ஒரு கடிகாரம் இருக்கும். சிருஷ்டியின் விதிக்கு அவரும் கட்டுப்பட்டிருப்பார். வேதம் சொல்லும் தேவன் அப்படிப்பட்டவர் அல்ல.

அதுமட்டுமல்ல, அந்த வசனம் இரண்டு திசையிலும் பேசுகிறது. நாளை வருஷங்களோடும், வருஷங்களை நாளோடும் ஒப்பிடுகிறது. எந்த ஒரு வேகத்தைப் போட்டாலும் இப்படி இரண்டு பக்கமும் வராது. பேதுரு கணக்குச் சூத்திரம் எழுதவில்லை என்பது இதிலேயே தெரிகிறது. வாக்குப்பண்ணப்பட்ட வருகை ஏன் தாமதிக்கிறது என்று பரிகசித்தவர்களுக்கு அவர் பதில் எழுதுகிறார். நமக்குத் தாமதமாகத் தெரிவது அவருடைய பொறுமை, மனந்திரும்ப நமக்குக் கொடுக்கப்பட்ட தருணம் என்பதே அடுத்த வசனத்தின் கருத்து.

ஏறத்தாழ 1600 வருடங்களுக்கு முன் வட ஆப்பிரிக்காவில் கண்காணியாராக இருந்த அகஸ்தீன், தம் 'அறிக்கைகள்' நூலின் பதினோராம் புத்தகத்தில் காலத்தைப் பற்றி ஆழமாக யோசித்தார். உலகைப் படைக்கும் முன் தேவன் என்ன செய்துகொண்டிருந்தார் என்ற கேள்விக்கு அவர் கண்ட பதில்: காலமும் அவர் படைத்ததே, ஆகவே படைப்புக்கு முன் ஒரு 'முன்' இல்லை. பிற்காலத்தில் நியூட்டன், 1687இல் வெளிவந்த தம் நூலில், எதையும் சாராமல் எங்கும் ஒரே சீராக ஓடும் காலம் ஒன்று உண்டு என்று எழுதினார். 1713ஆம் ஆண்டுப் பதிப்பில் அந்தக் காலத்தைத் தேவனுடைய நித்தியத்தோடு இணைத்துப் பேசினார். இரண்டு நூற்றாண்டுக்குப் பின் அந்த ஒரே சீரான காலம் ஐன்ஸ்டைனால் விழுந்தது. அதை தேவனோடு கட்டிவைத்திருந்தவர்களுக்கு அது அதிர்ச்சியாக இருந்திருக்கும். காலத்தைச் சிருஷ்டி என்று கண்ட அகஸ்தீனின் எண்ணத்துக்கோ ஒரு சேதமும் இல்லை.

நாங்கள் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு. "விஞ்ஞானம் இந்த வசனத்தை நிரூபித்துவிட்டது" என்று கேட்டு வளரும் ஒரு பிள்ளை, ஒருநாள் விரிவுரை மண்டபத்தில் அந்த விஞ்ஞானத்தைச் சரியாகப் படிக்கும்போது, நாம் சொன்னது பொருந்தாது என்று கண்டுகொள்ளும். அப்போது அது நம் விளக்கத்தை மட்டும் தள்ளிவிட்டு வசனத்தை வைத்துக்கொள்ளும் என்று நாம் எப்படி நிச்சயமாகச் சொல்ல முடியும்? நல்ல எண்ணத்தோடு சொன்னாலும் தவறான சாட்சி தவறான சாட்சியே. வேதத்துக்கு நம் முட்டுக்கொடுப்பு தேவையில்லை. நம்மிடம் கேட்கப்படுவது உண்மை பேசுவது.

அந்தத் தம்பி வருத்தப்பட வேண்டாம். அன்று அவன் வாய் திறந்திராவிட்டால் இந்தக் கட்டுரையே இல்லை. அவனிடம் இதை முன்கூட்டியே காட்டினோம். வாசித்துவிட்டு, "அப்ப நான் நினைச்சதைவிட இது பெரிசு அண்ணா" என்றான். ஆம், பெரிதுதான். இரண்டு படி உயரத்துக்கும் தவறாத ஓர் ஒழுங்கைச் சிருஷ்டியில் வைத்தவரைத்தான் நாம் ஞாயிற்றுக்கிழமை ஆராதிக்கிறோம்.

நம் ஒவ்வொருவருக்கும் கொடுக்கப்பட்ட நேரம் ஒரு நானோ விநாடியாவது வேறானது. அது நம்முடையது அல்ல, நம்மிடம் ஒப்புவிக்கப்பட்டது. பேதுரு சொல்லும் அந்தப் பொறுமையின் காலமும் அதற்குள்தான் ஓடிக்கொண்டிருக்கிறது. யாரோடாவது ஒப்புரவாக வேண்டியிருந்தால், ஊரிலுள்ள யாருக்காவது பல நாளாகத் தொலைபேசி எடுக்காமல் இருந்தால், அதற்கு எந்தக் கடிகாரத்தையும் பார்க்க வேண்டியதில்லை.

ஐக்கியத்தில் கலந்துரையாட

1. பிழையையும் வித்தியாசத்தையும் நாம் எங்கெல்லாம் குழப்பிக்கொள்கிறோம்? நம் வீட்டிலும் சபையிலும் ஓர் உதாரணம் சொல்லுங்கள்.

2. "விஞ்ஞானம் வேதத்தை நிரூபித்தது" என்று நீங்கள் கேட்ட ஒரு செய்தியை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த விஞ்ஞானமும் அந்த வேதப்பகுதியும் உண்மையில் என்ன சொல்கின்றன என்று தனித்தனியே தேடிப் பாருங்கள்.

3. 2 பேதுரு 3ஆம் அதிகாரத்தை முழுவதும் வாசியுங்கள். காத்திருக்கும் காலத்தில் எப்படிப்பட்டவர்களாக வாழும்படி பேதுரு நம்மைக் கேட்கிறார்?